செத்த மரத்துக்கு வந்த வழக்கு: பியாவோவியெஜா காடும் யாரும் பார்க்காத சில வண்டுகளும்

2017 நவம்பர் 20 அன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் போலந்து அரசுக்குப் போட்ட உத்தரவு சுருக்கமாக இதுதான்: காட்டில் மரம் வெட்டுவதை நிறுத்து, என்ன செய்தாய் என்று 15 நாளுக்குள் எழுதிக் கொடு, மீறியது தெரிந்தால் நாள் ஒன்றுக்குக் குறைந்தது ஒரு லட்சம் யூரோ கட்டு. வெட்டப்பட்ட மரங்களில் ஏராளமானவை செத்தவை, இல்லாவிட்டால் செத்துக்கொண்டிருந்தவை. செத்த மரத்தை வெட்டியதற்காக ஒரு நாட்டையே கூண்டில் ஏற்றுவார்களா என்றுதான் முதலில் தோன்றும். ஏற்றினார்கள், 2018 ஏப்ரல் 17 அன்று போலந்து தோற்கவும் தோற்றது.

நான் சிங்கப்பூரில் கிளை கழிக்கிற, மரத்தைச் சோதிக்கிற, தேவைப்பட்டால் வெட்டி இறக்குகிற தொழிலில் இருக்கிறவன். எங்கள் தொழிலில் செத்த மரம் என்றால் ஒரே அர்த்தம், வேலை வந்திருக்கிறது. அதனால்தான் இந்த வழக்கை ஒரு தடவைக்கு மேல் படித்தேன். சூழலியல் கட்டுரைகள் இதைப் பெரும்பாலும் 'பேராசைக்காரர்கள் காட்டை அழித்தார்கள்' என்று முடித்துவிடுகின்றன. ஆனால் போலந்து சொன்ன காரணங்களில் ஒன்று நாங்கள் தினமும் சொல்கிற காரணம், அதில் நியாயமும் இருக்கிறது. அது எதுவரை நியாயம், எந்த இடத்தில் சாக்காக மாறுகிறது என்பதைத்தான் இதில் பார்க்கப் போகிறேன்.

காடு

பியாவோவியெஜா போலந்துக்கும் பெலாருஸுக்கும் நடுவே எல்லைக்கோடு போகிற காடு. ஐரோப்பாவின் சமவெளியில் மிச்சமிருக்கிற பழங்காடுகளில் இதற்கு இணை சொல்வது கஷ்டம். ஐரோப்பியக் காட்டெருது பிழைத்து வந்த கதையும் இங்கேதான். போலந்து பக்கம் மட்டும் 600 சதுர கிலோமீட்டருக்கு மேல், அதாவது நம் சிங்கப்பூரைவிடக் கொஞ்சம் சிறியது. அதில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குதான் தேசியப் பூங்கா. மீதியில் பெரும்பகுதியை அரசு வன நிறுவனம் மூன்று கோட்டங்களாகப் பிரித்து நிர்வகிக்கிறது. யுனெஸ்கோ பட்டியலில் 1979 முதல் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் வாழிடப் பாதுகாப்புச் சட்டமும் பறவைப் பாதுகாப்புச் சட்டமும் காடு முழுவதற்கும் பொருந்தும். தேசியப் பூங்காவுக்கு வெளியே இருக்கும் பகுதியில் மரம் வெட்டலாம், ஆனால் இந்தச் சட்டங்களை மீறாமல் வெட்ட வேண்டும். சண்டை முழுக்க இந்த 'ஆனால்' மேல்தான்.

இரண்டு வகை வண்டு

கதையில் இரண்டு கட்சி வண்டுகள் இருக்கின்றன. இவற்றைக் குழப்பிக்கொண்டால் வழக்கே புரியாது.

முதல் கட்சி பட்டை வண்டு. அரை சென்டிமீட்டர் நீளம், பழுப்பு நிறம். உயிரோடு இருக்கிற, ஆனால் வறட்சியாலோ காற்றாலோ பலவீனப்பட்ட ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தைத் தேடிப்போய்ப் பட்டையைத் துளைக்கும். ஆண் உள்ளே போய் வாசனை விட்டு மற்றவற்றைக் கூப்பிடும், பெண்கள் பட்டைக்கு அடியில் நீளநீளமாகச் சுரங்கம் போட்டு முட்டையிடும், புழுக்கள் இலையிலிருந்து சத்து இறங்கும் திசுவைத் தின்னும், மரம் சாகும். ஓரிரு மாதங்களில் அடுத்த தலைமுறை வெளியேறி வேறு மரத்துக்குப் போய்விடும். ஊசியிலை காய்ந்து பட்டை உதிர்வதை நாம் பார்க்கும்போது குற்றவாளி அந்த மரத்தில் பெரும்பாலும் இருப்பதில்லை. இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

இரண்டாவது கட்சி, மரம் செத்த பிறகு வருபவை. தீர்ப்பில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டவை இவை. குகுயஸ் சினபெரினஸ் என்று ஒன்று, செக்கச்செவேல் என்று தட்டையாக இருக்கும், செத்த மரத்தின் பட்டைக்கு அடியில் வாழ்க்கை. புப்ரெஸ்டிஸ் ஸ்ப்ளெண்டென்ஸ், உலோகப் பச்சையும் பொன்னும் கலந்த பளபளப்பு, வெயில் படுகிற வயதான பைன் மரத்தின் செத்த கட்டை வேண்டும், ஐரோப்பாவிலேயே விரல்விட்டு எண்ணும் இடங்களில்தான் இருக்கிறது. போரோஸ் ஷ்னைடெரி, நின்றபடியே செத்த பைனின் பட்டைக்கு அடியில். இப்படி இன்னும் சில.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது, பளபளப்பு எதுவும் இல்லாத பைத்தோ கோல்வென்சிஸ். ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் நீளம், கருமை, தட்டை உடம்பு. ஈரமான பள்ளத்தில் நின்ற பெரிய ஸ்ப்ரூஸ் காற்றில் சாய்ந்து, தன் கிளைகள் மேலோ பெயர்ந்த வேர் மேலோ தாங்கிக்கொண்டு, தரையில் முழுதாகப் படாமல் கிடக்க வேண்டும். பட்டை மெல்ல இளகி, பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே நகம் நுழைகிற அளவுக்கு ஓர் இடுக்கு உண்டாகும். உள்ளே பழுப்பாக மட்கிய ஈரத் திசு. அந்த இடுக்கில் சப்பையான புழு வருஷக்கணக்கில் நகர்ந்து நகர்ந்து தின்று வளர்கிறது. பட்டை முழுசாகக் கழன்று விழுந்துவிட்டால் அந்த மரத்தில் அதற்குக் குடித்தனம் முடிந்தது, வேறு மரம் பார்க்க வேண்டும். அதுவும் பக்கத்திலேயே, அதே மாதிரி ஈரப் பள்ளத்தில், சரியான பக்குவத்தில் கிடக்கிற மரமாகப் பார்க்க வேண்டும். தூரம் போய்க் குடியேறுவதில் இது கெட்டிக்காரப் பூச்சி இல்லை. ஆகவே ஒரே பள்ளத்தில் சில வருஷத்துக்கு ஒரு முறையாவது ஒரு பெரிய மரம் சாய்ந்துகொண்டே இருக்க வேண்டும், தலைமுறை தலைமுறையாக. இந்தத் தொடர்ச்சி ஒரு முப்பது வருஷம் அறுந்தால் போதும். அதற்கப்புறம் எத்தனை ஆயிரம் கன்று நட்டாலும் அந்தப் பள்ளத்துக்கு அது திரும்பி வருவது சந்தேகம்தான், ஏனென்றால் கன்று பெரிய மரமாகி, அது சாய்ந்து, பட்டை இளகுவதற்கே நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிடும்.

நடந்தது

மூன்று கோட்டங்களில் ஒன்றான பியாவோவியெஜா கோட்டத்தில் 2012 முதல் 2021 வரை பத்து வருஷத்துக்கு 63,471 கன மீட்டர் மரம் எடுக்கலாம் என்று திட்டம் இருந்தது. 2016 மார்ச் 25 அன்று சுற்றுச்சூழல் அமைச்சர் ஒரு திருத்தத்துக்கு ஒப்புதல் கொடுத்தார். வெட்டும் அளவின் எல்லை 1,88,000 கன மீட்டர் ஆனது, அதாவது ஏறத்தாழ மூன்று மடங்கு. காரணம்: பட்டை வண்டு பெருகிவிட்டது, ஸ்ப்ரூஸ் கூட்டம் கூட்டமாகச் சாகிறது, தடுக்காவிட்டால் காடே போய்விடும். 2017 பிப்ரவரி 17 அன்று வன நிறுவனத்தின் தலைமை இன்னொரு உத்தரவு போட்டது. பட்டை வண்டு தாக்கிய மரங்களை வயது வித்தியாசம் பார்க்காமல் மூன்று கோட்டத்திலும் உடனே வெட்டலாம், காய்ந்த மரங்களையும் எடுக்கலாம். இங்கே சொன்ன காரணங்களில் பொதுமக்கள் பாதுகாப்பும் தீ அபாயமும் உண்டு.

பெரிய அறுவடை இயந்திரங்கள் இறங்கின. போராட்டக்காரர்கள் முகாம் போட்டார்கள், இயந்திரங்களோடு தங்களைப் பிணைத்துக்கொண்டார்கள். ஐரோப்பிய ஆணையம் 2017 ஜூலை 20 அன்று வழக்குப் போட்டது, ஒரு வாரத்தில் இடைக்காலத் தடை கிடைத்தது. அந்தத் தடையிலேயே பொதுமக்கள் பாதுகாப்புக்கு ஆபத்து இருந்தால் வெட்டலாம் என்று ஒரு விலக்கு இருந்தது.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு இந்த வழக்கின் நெஞ்சுப் பகுதி. வெட்டுவது நிற்கவில்லை. கேட்டால், பாதுகாப்புக்காக வெட்டுகிறோம், தடையிலேயே அனுமதி இருக்கிறதே என்றார்கள். ஆணையம் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டுவந்து நீதிமன்றத்தில் வைத்தது. பாதுகாப்பு என்ற காரணம் பொருந்தாத இடங்களிலும் மரம் போயிருந்தது. நான் மேலே முதலில் சொன்ன நவம்பர் உத்தரவில் நீதிமன்றம் அந்த விலக்கை இறுக்கிப் பிடித்தது: சாலை அல்லது முக்கியமான கட்டமைப்புக்கு மிக அருகே, மக்களின் பாதுகாப்புக்குக் கட்டாயம் தேவைப்படும் அளவுக்கு மட்டும், அதுவும் வேறு எந்த வழியும் இல்லாதபோது. அமைச்சர் 2018 ஜனவரியில் பதவி இழந்தார், இயந்திரங்கள் வெளியேறின, தினசரி அபராதம் கட்டும் நிலை வரவில்லை.

தீர்ப்பு ஏன் இப்படி வந்தது

போலந்தின் வாதம் மேலோட்டமாகப் பார்த்தால் சரியாகவே இருக்கிறது. பட்டை வண்டு மரத்தைக் கொல்கிறது, நாங்கள் பட்டை வண்டை ஒழிக்கிறோம், ஆகவே காட்டைக் காப்பாற்றுகிறோம். நீதிமன்றம் அந்தக் காட்டுக்கென்று 2015-ல் போலந்து அதிகாரிகளே தயாரித்த பாதுகாப்புத் திட்டத்தைப் புரட்டியது. அதில் இந்த அரிய வண்டுகளுக்கு என்னென்ன ஆபத்து என்று ஒரு பகுதி உண்டு. செத்த, செத்துக்கொண்டிருக்கிற மரங்களை அகற்றுவது அதில் இருந்தது. பட்டை வண்டு அந்த ஆபத்துப் பட்டியலில் இல்லை. அவர்கள் எழுதிய தாளே அவர்களுக்கு எதிராகச் சாட்சி சொன்னது. அது போதாதென்று, எந்த உயிரினம் எங்கே இருக்கிறது என்று பார்க்கும் பெரிய கணக்கெடுப்பை, வெட்டும் அளவின் எல்லையை உயர்த்திய அதே சமயத்தில்தான் ஆரம்பித்திருந்தார்கள். எண்ணி முடிக்கும் முன்பே வெட்ட அனுமதி கொடுத்திருக்கிறார்கள். பாதிப்பு இருக்காது என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்த பிறகுதான் அனுமதி தரவேண்டும் என்பது சட்டம்.

தொழில்முறையில் எனக்கு இன்னொன்றும் உறுத்துகிறது. காய்ந்து, பட்டை கழன்று நிற்கிற ஸ்ப்ரூஸில் பட்டை வண்டு இல்லை என்று மேலே சொன்னேன். அப்படிப்பட்ட மரத்தை வெட்டி லாரியில் ஏற்றினால் பட்டை வண்டு ஒன்றுகூடக் குறையாது. பட்டை வண்டின் எதிரிகள்தான் குறையும், ஏனென்றால் அந்த வண்டைத் தின்னுகிற மூவிரல் மரங்கொத்தி பொந்து போடுவது பெரும்பாலும் அந்த மாதிரி மரங்களில்தான். வண்டு உள்ளே இருக்கும்போதே, மரம் பச்சையாகத் தெரியும்போதே கண்டுபிடித்து எடுத்தால் பலன் உண்டு, தோட்டமாக வளர்த்த ஸ்ப்ரூஸ் காடுகளில் அப்படித்தான் செய்கிறார்கள். அதற்குத் தேவையான வேகம் 600 சதுர கிலோமீட்டர் பழங்காட்டில் நடைமுறைக்கு வராது. பிறகு எதற்குக் காய்ந்த மரம்? ஒரு வனக்காரரின் கணக்கேட்டில் செத்த மரம் என்பது நாளுக்கு நாள் விலை இறங்குகிற சரக்கு. கெட்ட எண்ணம் இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை, அந்தக் கணக்கேட்டின் வழியாகப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது வேறு மாதிரி தெரியவே தெரியாது. எங்கள் கண்ணும் அதே கண்தான்.

நம்ம ஊர்ப் பக்கம்

பாதுகாப்பு விஷயத்தில் போலந்தைக் கிண்டல் செய்ய எனக்கு மனம் வராது. 2017 பிப்ரவரி 11 அன்று, பெரியவர்கள் பூமலை என்று சொல்கிற நம் தாவரவியல் பூங்காவில் 40 மீட்டர் உயரத் தெம்புசு மரம் ஒன்று வேரோடு சாய்ந்தது. 270 வயதுக்கு மேல், பாரம்பரிய மரம் என்று அடையாளம் பெற்றது, முந்தைய செப்டம்பரில் சோதித்தபோது நன்றாக இருப்பதாகத்தான் முடிவு. ஒரு பெண் இறந்தார், நான்கு பேருக்குக் காயம். அந்தச் செய்தி வந்த பிறகு எங்கள் தொழிலில் யாரும் பழைய மாதிரி மரத்தைத் தட்டிப் பார்ப்பதில்லை. ரப்பர் சுத்தியலால் அடிமரத்தைச் சுற்றித் தட்டி, சத்தம் 'டொக்' என்பதிலிருந்து 'தொம்' என்று மாறும் இடத்தில் ஊசித் துரப்பணத்தை விட்டு, உள்ளே மரம் எவ்வளவு உறுதி என்று அது தாளில் போடும் கோடு எங்கே சரிகிறது என்று பார்க்கும்போது, கீழே நடைபாதையில் குழந்தையோடு போகிறவர்கள் கண்ணில் படாமல் இருப்பதில்லை.

ஆனால் அபாயம் என்று நாங்கள் கணக்கிடுவது மரத்தை மட்டும் வைத்தல்ல. விழ எவ்வளவு வாய்ப்பு, விழுந்தால் எதன் மேல் விழும், விழுந்தால் என்ன ஆகும், மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நடுவில் இருப்பதை டார்கெட் என்போம். டார்கெட் இல்லாத இடத்தில் உள்ளே முழுக்க உளுத்துப்போன மரம்கூட ஆபத்தான மரம் ஆகாது. இது எந்த மரச் சோதனைப் பயிற்சியிலும் முதலிலேயே சொல்லிக் கொடுப்பது, வேலைத்தளத்தில் முதலில் மறந்துபோவதும் இதுதான். புதுக்கோட்டையிலிருந்து வந்து எங்களோடு சேர்ந்த தம்பி ஒருவர், காட்டோரமாக நின்ற ஒரு காய்ந்த மரத்தைக் காட்டிக் கேட்டார்:

"அண்ணே, செத்ததுதானே, ஒரேயடியா எடுத்துட்டா நிம்மதிதானே?"

"விழுந்தா யார் மேல விழும், பார்த்துச் சொல்லு தம்பி."

அவர் சுற்றிப் பார்த்தார். பாதை இல்லை, பெஞ்சு இல்லை, வேலி கிடையாது. "யாருமில்லையேண்ணே."

லக்சம்பர்க்கில் இருக்கிற ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்தின் நீதிபதிகள் பக்கம் பக்கமாக எழுதி வந்துசேர்ந்த இடமும் இதுதான். சாலைக்கு மிக அருகே என்றால் வெட்டிக்கொள், காட்டுக்கு நடுவில் பாதுகாப்பு என்று சொல்லாதே.

நம் காப்புக்காடுகளில் நடைமுறை ஓரளவு இப்படித்தான் இருக்கிறது. புக்கித் தீமாவிலோ மெக்ரிட்சியிலோ நடக்கிறவர்கள் பார்த்திருப்பீர்கள், பாதைக்குக் குறுக்கே விழுந்த பெரிய மரத்தில் பாதையை அடைக்கிற துண்டை மட்டும் அறுத்துவிட்டு இரண்டு பக்கமும் அப்படியே விட்டிருப்பார்கள். அந்தக் கட்டையைத் தயவுசெய்து காலால் புரட்டாதீர்கள். உள்ளே கருங்கறுப்பாகப் பளபளக்கிற ஒரு வகை வண்டு குடும்பமாக வாழும். தாயும் தகப்பனும் மட்கிய கட்டையை மென்று குஞ்சுப் புழுவுக்குக் கொடுக்கும், தொந்தரவு செய்தால் உடம்பை உரசிக் கிறீச் கிறீச் என்று சத்தம் போடும். ஆனால் புக்கித் தீமா காப்புக்காடு மொத்தமே 163 ஹெக்டேர்தான். தீவின் ஆதிக் காட்டில் 95 சதவீதத்துக்கு மேல் போய்விட்டது என்றும், நாட்டின் பரப்பில் கால் சதவீதமே ஆன காப்புக்காடுகளில்தான் எஞ்சிய உள்ளூர் உயிரினங்களில் பாதிக்கு மேல் இருக்கின்றன என்றும் 2003-ல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அங்கே ஐரோப்பாவில் ஒரு கட்டை பல பத்தாண்டு கிடக்கும், இங்கே வெயிலும் மழையும் கறையானும் சேர்ந்து எத்தனையோ வேகமாக மண்ணாக்கிவிடும். அப்படியானால் அடுத்த கட்டை இன்னும் சீக்கிரம் விழ வேண்டும், அதுவும் பக்கத்திலேயே.

வாலஸ் சொன்ன சங்கடமான சாட்சி

வெட்டினால் வண்டு அழியும் என்ற இந்த வாதத்துக்கு எதிராக ஒரு பலமான சாட்சி நம் ஊரிலேயே இருக்கிறது, அதை மறைத்தால் ஆய்வு முழுமையாகாது. 1854-ல் இயற்கை ஆய்வாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் சிங்கப்பூர் வந்து, புக்கித் தீமாவில் பிரெஞ்சுப் பாதிரிமார் இருந்த இடத்தில் தங்கிப் பூச்சி பிடித்தார். புலி பிடிக்க வெட்டிய குழிகள் இருந்த காலம், பார்த்து நடக்க வேண்டும். சுமார் இரண்டு மாதத்தில் 700 வகை வண்டுகள், அதில் 130 நீள்கொம்பு வண்டுகள். ஏறத்தாழ எல்லாமே ஒரு சதுர மைலுக்கு மிகாத ஒரே காட்டுத் துண்டில் கிடைத்தவை. எப்படி இவ்வளவு என்று அவரே ஒரு காரணம் சொல்கிறார்: சீன மரம்வெட்டிகள் பல வருஷமாக அங்கே கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி வந்தார்கள், அதனால் காய்ந்த இலையும் பட்டையும் கட்டையும் மரத்தூளும் பூச்சிகளுக்கு இடைவிடாமல் கிடைத்தன.

அதாவது வெட்டியதால் வண்டு பெருகியது! போலந்து வக்கீலுக்கு இது தெரிந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

ஆனால் அந்த மரம்வெட்டிகள் ஆள்பலத்தில் அறுத்தவர்கள். பலகையும் விட்டமும் போக மிச்சமெல்லாம் விழுந்த இடத்திலேயே கிடந்தது. வருஷத்துக்கு ஒரு பகுதி என்று வெட்டியதால் எல்லா வயதுக் கட்டையும் ஒரே நேரத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தது, அதை ஒட்டிப் பெருங்காடும் நின்றது. நீள்கொம்பு வண்டுகளில் பலவும் புதிதாகச் செத்த கட்டையைத் தேடிப் பறந்து வருபவை, அவற்றுக்கு அது விருந்து. பைத்தோ மாதிரி ஒரே பள்ளத்தை விட்டு நகராத ஜாதிக்கு அந்த விருந்து உதவாது. பியாவோவியெஜாவில் மரம் அறுக்கப்பட்டதோடு நிற்காமல் காட்டை விட்டு வெளியே போனது, அதில் நூறு வயதைத் தாண்டிய மரங்களும் உண்டு. என் கணக்கில் வெட்டியதைவிட ஏற்றிப்போனதுதான் பெரிய சேதம்.

எங்கள் தொழிலில் இதைத் திருத்தச் சட்டமோ நீதிமன்றமோ தேவையில்லை, விலைப்பட்டியலைத் திருத்தினாலே பாதி வேலை முடியும். பல ஒப்பந்தங்களில் 'வெட்டி அகற்றுதல்' என்று ஒரே வரி, ஒரே தொகை. கட்டையைக் காட்டோரம் விட்டுவிட்டு வந்தால் வேலை முடியவில்லை என்று பில் திரும்பிவிடும், அதனால் யாரும் விடுவதில்லை. வெட்டுவதற்கு ஒரு வரி, அப்புறப்படுத்துவதற்கு ஒரு வரி என்று பிரித்து, காட்டை ஒட்டிய இடங்களில் இரண்டாவது வரியைக் காரணம் எழுதினால் மட்டும் கொடுக்கலாம். பாதைக்குப் பக்கத்தில் நிற்பதை அடியோடு எடுக்காமல், விழுந்தாலும் பாதையைத் தொடாத உயரத்துக்கு மேலிருந்து குறைத்துவிட்டு, அடிமரத்தைப் பட்டையோடு நிற்க விடலாம். வெட்டிய தண்டை மரத்தூளாக அரைக்காமல் முழு உருளையாகவே உள்பக்கம் உருட்டி வைத்தால் லாரி நடையும் மிச்சம், குப்பைக் கட்டணமும் மிச்சம். கறையான் வந்தால் கட்டடத்துக்குப் பரவுமே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, அதற்காகத்தான் காட்டை ஒட்டிய இடங்கள் என்கிறேன், அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே கட்டையைப் போடச் சொல்லவில்லை.